கல்லாகிப்போன மெஷினும் ஒரு சட்டைக் கையும்

1

இந்தக் கதை என்னுடையது அல்ல. எங்கள் வீட்டு வாஷிங் மெஷினைப் பழுதுபார்க்க வந்த மெக்கானிக்கிடமிருந்து எடுத்தது. அவர் கொடுத்தார் என்று சொல்ல முடியாது. திருகாணியை வாயில் கவ்விக்கொண்டு ஒரு வரி சொன்னார், நான் அதைக் கீழே விழாமல் பிடித்துக்கொண்டேன். அவர் சில வருடம் வெளிநாட்டில் இதே வேலை பார்த்தவர். எந்த நாடு என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அந்த நாட்டைப் பற்றி நாலு புத்தகம் படிக்க வேண்டியிருக்கும்.

"சார், அங்க ஒரு அபார்ட்மெண்ட் பேஸ்மெண்ட்ல ஒரு மெஷின் அப்படியே கல்லாப் போயிருந்துச்சு. கதவுக்கு வெளிய ஒரு கை மட்டும் நீட்டிக்கிட்டு இருந்துச்சு" என்றார்.

"கையா?"

"சட்டைக் கை, சார்."

"சரி பண்ணிக் குடுத்தீங்களா?"

"எங்க விட்டாங்க? நான் போனது பக்கத்து மெஷினுக்கு. இதத் தொடப் போனா, 'அதுல கை வைக்காதீங்க, அது நல்லாத்தான் வேலை செய்யுது'ன்னுட்டாங்க."

கல்லாகிப்போன மெஷின் என்ன வேலை செய்யும்? எங்கள் வீட்டு மெஷின் சரியாகிவிட்டது. நான் சரியாகவில்லை. ஆகவே எழுத உட்கார்ந்தேன்.

2

முதல் தொடக்கம்: "பனி பொழிந்துகொண்டிருந்த அந்த அந்நிய நகரத்தில்—"

அடித்துவிட்டேன். வெளிநாடு என்றதும் பனியைக் கொட்டுவது எங்கள் தொழிலில் உள்ள சோம்பேறித்தனம். அங்கேயும் வெயில் அடிக்கும், துணி காயும்.

இரண்டாவது தொடக்கம்: "விமானம் தரையைத் தொட்டபோது அவள் கண்களில்—"

கண்களில் என்ன இருந்திருக்கும்? தூக்கம். இதையும் அடித்துவிட்டேன்.

மூன்றாவது: "அவள் கான்கிரீட் படித்தாள்."

இது நிற்கும். ஏறி நின்றே பார்த்துவிட்டேன்.

அவள் கான்கிரீட் படித்தாள். சிமெண்டையும் மணலையும் ஜல்லியையும் குழைத்துச் சின்னச் சின்னக் கட்டிகளாக வார்த்து, அவை நன்றாக இறுகிய பிறகு எந்திரத்தில் வைத்து நசுக்கி, எவ்வளவு பாரத்தில் உடைகிறது என்று பார்ப்பதுதான் படிப்பு. "இதுக்கு எதுக்கு வெளிநாடு? நம்ம தெருமுனையிலேயே கட்டடம் கட்டறாங்க, போய் நின்னு பாத்துக்க வேண்டியதுதானே" என்றார் பெரியப்பா. அப்பா ஒன்றும் சொல்லவில்லை, அதாவது வேண்டாம் என்றார். ஒற்றைக் காலில் நின்று அவளை அனுப்பிவைத்தது அக்கா. "தப்பா ஒண்ணும் நடக்காது, நான் பொறுப்பு" என்று சொந்தக்காரர்கள் எல்லாரிடமும் வாக்குக் கொடுத்தவளும் அவள்தான். அந்த அக்காவுக்குப் பத்தாவது படிக்கும் ஒரு பெண் இருக்கிறாள். சித்தி போன வழியைப் பார்த்துக்கொண்டு இப்போதே வாசலில் நிற்கிறாள்.

(மொழி பற்றி ஒரு வார்த்தை. அங்கே எல்லாரும் அவர்கள் பாஷையில்தான் பேசினார்கள். எனக்கு அது தெரியாது. ஆகவே இந்தக் கதையில் அவர்களும் நம்மைப் போலவே பேசுவார்கள். ஆட்சேபணை உள்ளவர்கள் அங்கே போய் அவர்களுக்கு வேறு மாதிரிப் பேசச் சொல்லிக்கொடுத்துவிட்டு வரவும்.)

3

அந்த ஊரில் ஒரு சட்டம். சிலர் கூடி உட்கார்ந்து ஒருவர் நடிப்பதைப் பார்ப்பதென்றால், என்ன நடிக்கப் போகிறார் என்பதை முன்கூட்டியே எழுதிக் கொடுத்து முத்திரை வாங்க வேண்டும். பஸ் ஓட்டும் அம்மாள் ஒருவர் இருந்தார். பகலெல்லாம் ஊர்வலம் மாதிரி ஊரைச் சுற்றி வருவார், மீதி நேரத்தில் நாடகம் எழுதுவார். அவரும் ஒருமுறை ஒழுங்காக எழுதிக் கொடுத்துப் பார்த்தார். முத்திரையோடு திரும்பி வந்தபோது எல்லா வரியும் அடிபட்டு, 'திரை விலகுகிறது' என்பதும் 'திரை விழுகிறது' என்பதும் மட்டும் மிஞ்சியிருந்தன.

அம்மாள் அதையே மேடையேற்றினார். திரை விலகியது. திரை விழுந்தது. ஜனங்கள் எழுந்து நின்று கைதட்டியதில் கூரையிலிருந்து சுண்ணாம்பு உதிர்ந்து முன்வரிசை முழுவதும் வெள்ளையாகிவிட்டது. அனுமதித்ததை மட்டுமே ஓர் எழுத்துக்கூடக் கூட்டாமல் செய்த குற்றத்துக்காக, அதற்குப் பிறகு அவருக்கு எந்த அரங்கும் கிடைக்கவில்லை.

அப்போதுதான் அவர் தரைக்குக் கீழே இறங்கினார். அவர் குடியிருந்த கட்டடத்தின் பேஸ்மெண்டில், குடித்தனக்காரர்கள் எல்லாரும் துணி துவைக்க ஒரு பொது அறை இருந்தது. சுவரோரம் வரிசையாக மெஷின்கள். அவை ஓடினால் தெருவில் வேறெதுவும் கேட்காது. யாராவது எட்டிப்பார்த்தாலும் ஜனங்கள் துணி துவைக்கிறார்கள், அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் துணி துவைப்பதைத் தடுக்க எந்த நாட்டிலும் சட்டம் கிடையாது.

விதிகள் இரண்டே. வருகிறவர் அழுக்குத் துணி கொண்டுவர வேண்டும். நாடகம் மெஷினின் தாளத்துக்குள் அடங்க வேண்டும். துணி ஊறும்போது தணிந்த குரலில் காதல். அலசும்போது வாக்குவாதம். பிழியும்போது மெஷின் போடுகிற கூப்பாட்டில் கொலை, புரட்சி, சொத்துத் தகராறு, எது வேண்டுமானாலும். ஒருமுறை யாரோ கம்பளியைப் போட்டுவிட, மெஷின் ஊறும் கட்டத்தை விட்டு நகரவே இல்லையாம். பிழியும் கட்டத்தில் சாக வேண்டிய நாயகன் சாகவும் முடியாமல், நின்றுகொண்டிருக்கவும் முடியாமல், நாடகத்தில் இல்லாத ஒரு பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டான் என்கிறார்கள். இப்போது அவர்களுக்கு இரட்டைக் குழந்தைகள்.

4

நம்முடைய பெண்ணை அங்கே கூட்டிப்போனது, அவளோடு ஆய்வுக்கூடத்தில் கட்டி உடைக்கிற ஒரு பையன். நெட்டையாக, ஒற்றைக் காலில் சாய்ந்து நிற்பான். இந்தக் கதைக்குள் அவன் பெயர் கொக்கு. "ஒரு விசேஷம் இருக்கு, வா. துணி எடுத்துக்கிட்டு வா" என்று மட்டும் சொன்னான். ஏனென்று சொல்லவில்லை.

நாலு பேர் இருக்கிற இடத்துக்குத் துணி எடுத்துக்கொண்டு வா என்றால் நம் வீட்டுப் பெண் என்ன செய்வாள்? முந்தின நாளே வாளியில் ஊறவைத்து, கசக்கி, உலர்த்தி, இஸ்திரி போட்டு, விளிம்போடு விளிம்பு சேர்த்து மடித்து எடுத்துக்கொண்டு போனாள்.

பேஸ்மெண்ட் வாசலில் பஸ் ஓட்டும் அம்மாள் நின்றார்.

"பையத் திற."

திறந்தாள்.

"யாருடா இது? துவைச்ச துணியத் துவைக்க வந்திருக்கா!"

கொக்கு இரண்டு காலையும் ஊன்றி நின்றான். அவனுக்கு ஆபத்து என்றால் அப்படித்தான்.

"போன மாசம் ஒருத்தன் வந்தான்" என்றார் அம்மாள். "புதுச் சட்டை. விலை அட்டையக்கூடக் கிழிக்கல. மறுநாளே வீடு வீடா சோதனை. நீ அவன விடப் பரவால்ல, இஸ்திரி எல்லாம் போட்டு அனுப்பியிருக்காங்க."

"ஐயோ, என்னை யாரும் அனுப்பலங்க! அழுக்குத் துணிய எப்படிங்க நாலு பேர் முன்னாடி விரிக்கறது?"

"இங்க உள்ள ஒவ்வொருத்தர் அழுக்கும் எனக்குத் தெரியும். உன்னோடது தெரியாம உன்ன நான் எப்படி நம்ப?"

அவளுக்கு ரோஷம் வந்துவிட்டது. கான்கிரீட்டுக்கு ஞாயிற்றுக்கிழமை தெரியாது. நாள் வந்தால் கட்டியை உடைத்தே தீர வேண்டும். அதனால் அன்றும் ஆய்வுக்கூடத்திலிருந்து நேராக வந்திருந்தாள். குளிர்ச்சட்டையைத் திறந்தால் உள்ளே வேலைக்கோட்டு, கழுத்திலிருந்து முழங்கால் வரை சாம்பல் பூத்துக் கிடந்தது. அதைக் கழற்றி அம்மாள் முன்னால் ஓர் உதறு உதறினாள். இந்தக் கதையில் முன்வரிசை இரண்டாம் முறையாக வெள்ளையானது. பிறகு அதைக் கொண்டுபோய் மூன்றாவது மெஷினுக்குள் திணித்து, சுடுதண்ணீரைத் திருகிவிட்டாள்.

கோட்டின் இரண்டு பைகளிலும், சீக்கிரம் இறுகுகிற சிமெண்ட் பொட்டலம் இருந்தது அவளுக்கு நினைவில்லை.

(அறிவியல் தெரிந்தவர்கள் இங்கே எழுந்து நிற்கிறார்கள். இரண்டு பொட்டலத்தில் ஒரு மெஷின் கல்லாகாது என்கிறார்கள். அமைதியாக உட்காருங்கள். மெக்கானிக் கண்ணால் பார்த்திருக்கிறார். நான் அவருக்குக் காசு கொடுத்திருக்கிறேன், உங்களுக்குக் கொடுக்கவில்லை.)

மெஷின் முதலில் முனகியது. அப்புறம் இருமியது. அலசல் தொடங்குகிற நேரத்தில், வயிறு முட்டச் சாப்பிட்டவர் மாதிரி ஒருமுறை புரண்டு அப்படியே நின்றுவிட்டது. கதவைத் திறந்து கோட்டை இழுத்தார்கள். கை மட்டும் வெளியே வந்தது.

எல்லாரும் அவளைப் பார்த்தார்கள். கான்கிரீட் படிக்க வந்தவள், பார்க்கப்போனால் கான்கிரீட் தவிர வேறெதுவும் தெரியாதவள், செய்த வேலை இது. பஸ் ஓட்டும் அம்மாள் அந்த மெஷினைச் சுற்றி வந்தார். மேலே ஏறினார். குதித்துப் பார்த்தார்.

"இத்தன நாளா ஆடாம நிக்கற மேடை ஒண்ணு கேட்டுக்கிட்டே இருந்தேன். இங்க எல்லா மெஷினும் ஏறினா உதறும்" என்றார். பிறகு அவள் பக்கம் திரும்பி, "ஏய் சிமெண்ட், அந்த வாசக் கதவச் சாத்திட்டு வந்து உக்காரு. நாடகம் ஆரம்பிக்கணும்."

மெஷின் என்ன வேலை செய்தது என்று இப்போது தெரிந்துவிட்டது. நியாயமாகக் கதை இங்கே முடிய வேண்டும். ஆனால் இதில் அந்தப் பெண்ணுக்கு இழப்பதற்கு ஒரு கோட்டுதான் இருந்தது. ஒரு கோட்டை இழந்தவளைப் பற்றிக் கதை எழுதுகிற அளவுக்கு நான் இன்னும் தளர்ந்துவிடவில்லை.

5

அவள் ஒவ்வொரு ஞாயிறும் போனாள். துணியும் தோய்ந்தது, அவளும் தோய்ந்தாள். அக்கா போன் செய்யும்போது பின்னால் இரைச்சல் கேட்கும்.

"என்னடி சத்தம்?"

"மெஷின்க்கா. துணி போட்டிருக்கேன்."

"எப்பப் பாரு துணி போட்டிருக்கே. இங்க இருந்தப்ப ஒரு கைக்குட்டைய அலசியிருப்பியா நீ? வெளிநாடு போனாத்தான் உங்களுக்கெல்லாம் புத்தி வருது."

ஒருநாள் பஸ் ஓட்டும் அம்மாள் அவளுக்கு ஒரு வேடம் கொடுத்தார். ஒரே ஒரு வசனம். அந்த ஞாயிறு அவள் அக்காவிடம் உண்மையைச் சொன்னாள். நாடகம் என்றாள். முத்திரை இல்லாத நாடகம் என்றாள். மாட்டிக்கொண்டால் மற்றவர்களுக்கு அபராதம், வெளிநாட்டு மாணவர்களை மட்டும் தங்கும் அனுமதியை ரத்து செய்து விமானம் ஏற்றிவிடுவார்கள் என்பதையும் சொன்னாள்.

நான் முதலில் எழுதியதில் அக்கா இப்படிப் பேசினாள்: "கான்கிரீட் படிக்கப் போனியா, கூத்தடிக்கப் போனியா? உன்ன அனுப்பறதுக்கு நான் யார் யார்கிட்ட என்னென்ன வாங்கிக் கட்டிக்கிட்டேன்னு தெரியுமா? நீ பாதியில வந்து நின்னா, பெரியப்பா என்ன சொல்வாரு? 'அப்பவே சொன்னேன்'பாரு. அதோட என் பொண்ணு கதையும் முடிஞ்சுது. அவ பக்கத்து ஊருக்குக்கூடப் போக முடியாதுடி."

"சரிக்கா."

"போக மாட்டேன்னு சொல்லு."

"போக மாட்டேன்க்கா."

அவ்வளவுதான் எழுதியிருந்தேன். என் மனைவி படித்துவிட்டு, "இவ அக்காவா, இல்ல வெறும் திட்டறதுக்குன்னு வெச்ச ஆளா? ஒத்தக் கால்ல நின்னு அனுப்பினவ, என்ன வசனம்னுகூடக் கேக்க மாட்டாளா?" என்று காகிதத்தைத் திருப்பிப் போட்டுவிட்டுப் போய்விட்டாள். நாற்பது வருடமாக எனக்கு முத்திரை குத்துகிறவள் அவள்தான். ஆகவே மேற்கொண்டு எழுதுகிறேன்.

அக்கா போனை வைக்கவில்லை.

"ஆமா, ஒரே ஒரு வசனம்னியே. என்ன அது?"

அவள் நாடகத்தைச் சொன்னாள். பெரிய கட்டடம் ஒன்று. உள்ளே போக யாரையும் விடுவதில்லை. ஒரு பெண் வந்து வாசற்படியில் உட்கார்ந்துகொள்கிறாள். காவலாளி ஓடிவந்து, 'நீ இங்க எதுக்கு வந்தே?' என்று கேட்கிறான். காவலாளி வேடம் கொக்குக்கு. அவள் சொல்ல வேண்டிய பதில்: "வந்தாச்சு. காரணம் வேணும்னா நீங்க தேடிக்கோங்க." அதைக் கேட்டதும், துணியோடு உட்கார்ந்திருக்கிற அத்தனை பேரும் எழுந்து, 'நாங்களும்தான்' என்கிறார்கள். அத்தோடு நாடகம் முடிகிறது.

லைன் போய்விட்டதோ என்று அவள் போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தாள்.

"நல்லாருக்கு" என்றாள் அக்கா. "ரொம்ப நல்லாருக்கு. அதனாலதான் சொல்றேன், போகாத."

அவள் போனாள்.

6

சோதனை அதிகாரி வருகிறார்.

இவரால் எனக்குத் தொல்லை. முதலில் இவருக்கு ஒரு மீசை வைத்தேன், பல்லைக் கடிக்க வைத்தேன், ஆளைப் பார்த்ததும் எனக்கே சிரிப்பு வந்தது. மீசையை எடுத்துவிட்டு, வீட்டில் இவருக்கும் ஒரு மகள், அவளுக்கும் நாடக ஆசை என்று— [இந்த வாக்கியத்தை இப்படியே விட்டுவைக்கிறேன், என்னைப் போன்ற ஆட்கள் எங்கே வழுக்குவார்கள் என்று தெரிந்துகொள்ளலாம்.] மூன்றாவது தடவை அவரைச் சும்மா விட்டுவிட்டேன். அவருக்கு ஒரு வேலை. அதை அவர் மரியாதையாகச் செய்தார். அப்போதுதான் அவரைப் பார்க்க எனக்கே பயமாக இருந்தது.

பஸ் ஓட்டும் அம்மாள் கல் மெஷின்மேல் நின்று பேசிக்கொண்டிருந்தபோது படியில் காலடி கேட்டது. அதிகாரி இரண்டு ஆட்களோடு உள்ளே வருவதற்குள் அம்மாள் கீழே இறங்கிக் காலுறை மடித்துக்கொண்டிருந்தார். கொக்கு ஒரு தலையணை உறைக்குள் முகத்தைப் புதைத்திருந்தான்.

அதிகாரி ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "துணி துவைக்கறீங்களா? நல்லது. முடிஞ்சதும் கிளம்பிடுவீங்கல்ல? நான் இருந்து பாத்துட்டுப் போறேன்."

மெஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன. யாரும் கிளம்பவில்லை. பஸ் ஓட்டும் அம்மாள் எழுந்து, துவைத்த காலுறைகளை மறுபடி மெஷினுக்குள் போட்டார். அதைப் பார்த்து அடுத்தவர் போட்டார். அதற்கடுத்தவரும் போட்டார்.

"இப்பத்தானே துவைச்சீங்க?"

"கறை போகலங்க" என்றார் அம்மாள்.

அதுவும் முடிந்தது. மறுபடி போட்டார்கள். அதிகாரியும் எழவில்லை. ஒரு சிவப்புச் சட்டை ரோஜா நிறமாகி, பிறகு வெள்ளையாகி, கடைசியில் அதைச் சிவப்பு என்று சொன்னவரே சாட்சி இல்லாமல் நின்றார். ஒரு ஸ்வெட்டர் சுருங்கிச் சுருங்கிப் பொம்மைக்கு ஆகிற அளவுக்கு வந்தது. யாரோ பொத்தான்களை மட்டும் திரும்ப வாங்கிக்கொண்டார். நான் கூட்டிச் சொல்கிறேன் என்று நினைத்தால், உங்கள் சட்டை ஒன்றைக் கொண்டுபோய்ப் போட்டுப் பாருங்கள்.

எப்படியோ சோப்பு தீர்ந்தது. மெஷின்கள் எல்லாம் நின்றன.

அதிகாரி எழுந்தார். அடையாள அட்டையைக் காட்டச் சொல்லி ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டு வந்தார்.

"நீங்க எதுக்கு வந்தீங்க?"

"துணி துவைக்க."

"நீங்க?"

"துணி துவைக்க."

அட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அடுத்தவரிடம் போனார். கடைசியில் அவளிடம் வந்தார். மாணவி அட்டையை வாங்கிப் பார்த்தார். அதில் அவள் ஊர்ப் பெயர் இருந்தது. அதுவரை எல்லாரையும் 'நீங்கள்' என்றவர் அட்டையிலிருந்து தலையைத் தூக்கிச் சொன்னார்:

"நீ இங்க எதுக்கு வந்தே?"

தலையணை உறைக்குள் கொக்குவின் உதடு அசைந்தது. அது அவனுடைய வசனம். ஓர் எழுத்து மாறாமல் அதிகாரி அதைச் சொல்லிவிட்டார்.

7

இப்போது உங்களுக்குச் சில முடிவுகள் காட்ட வேண்டும், கடைக்காரர் துணியை விரித்துக் காட்டுகிற மாதிரி.

ஒன்று: "துணி துவைக்க" என்கிறாள். அட்டை கைக்கு வருகிறது. படிப்பு முடிகிறது, அக்கா மகள் வாசல் தாண்டுகிறாள். இதில் ஒரு குறையும் இல்லை. அந்த அறையில் இருந்தவர்கள் எல்லாரும் அதைத்தான் சொன்னார்கள், அவர்கள் கோழைகள் அல்ல. நான் இருந்தால் இரண்டு தடவை சொல்லியிருப்பேன்.

இன்னொன்று: அவள் தன் வசனத்தைச் சொல்கிறாள், அதிகாரி கண்ணீர் விட்டு— வேண்டாம். தண்ணீர் ஏற்கெனவே நிறையச் செலவாகிவிட்டது.

மற்றொன்று: சொல்கிறாள், விமானம் ஏற்றப்படுகிறாள், பெரியப்பா 'அப்பவே சொன்னேன்' என்கிறார். ஊர்ப் பெண்களுக்கெல்லாம் நல்ல பாடம். இந்த முடிவை எழுத மாட்டேன். என் கையை முறுக்கினாலும் எழுத மாட்டேன். பெரியப்பாக்களுக்கு உலகத்தில் கதைகள் போதுமான அளவு எழுதப்பட்டுவிட்டன.

ஒன்று மட்டும் எனக்குத் தெரியும். இந்தக் கேள்வி அவளுக்குப் புதிதல்ல. விமான நிலையத்தில் கண்ணாடிக்குப் பின்னால் இருந்தவர் கேட்டார். அறை வாடகைக்குக் கொடுத்தவர் கதவைப் பாதி திறந்து கேட்டார். வகுப்பில் பக்கத்தில் இருந்தவள் சிரித்துக்கொண்டே கேட்டாள். அதற்கு முன்னால், ஊரை விட்டுக் கிளம்புமுன்பே, கூடத்தில் உட்கார்ந்திருந்த சொந்தம் மொத்தமும் எதுக்குப் போறே என்று கேட்டது. ஒவ்வொரு தடவையும் அவள் காரணத்தை எடுத்துக் கொடுத்தாள், சான்றிதழ் மாதிரி, இரண்டு கையாலும். தேதி சரியா, கையெழுத்து சரியா என்று பார்த்துவிட்டு அவர்கள் தலையாட்டினார்கள்.

இன்றைக்கு அவளிடம் காரணம் எதுவும் மிச்சமில்லை. அக்காவின் முகம் ஒரு நிமிடம் வந்தது. நல்லாருக்கு, அதனாலதான் போகாத என்ற குரலும் வந்தது. ஆனால் அந்தக் குரலில் முதல் பாதிதான் அவளுக்குச் சத்தமாகக் கேட்டது.

"வந்தாச்சு" என்றாள். "காரணம் வேணும்னா நீங்க தேடிக்கோங்க."

ஒரு மெஷினும் ஓடவில்லை. அவள் குரல் படியேறித் தெருவுக்கே போயிருக்கும்.

அதிகாரி அட்டையைத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொள்ளப் போகிறார். பாதி போட்டுவிட்டார். 'அப்புறம் அவளுக்கு என்ன ஆச்சு' என்று என்னைக் கேட்காதீர்கள். எனக்குச் சொல்லத் தெரியாது என்பதல்ல. அவளுடைய வசனம் முடிந்துவிட்டது, அவள் செய்ய வேண்டியதைச் செய்துவிட்டாள். அடுத்த வரி அவளுடையது அல்ல, அதிகாரியுடையதும் அல்ல. அந்த அறையில் ஈரத்துணியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறவர்களுடையது. நாடகமா இல்லையா என்று அவர்களில் ஒருவர் எழுந்தால்தான் தெரியும். ஒருவரும் எழாவிட்டால், ஒரு வெளிநாட்டுப் பெண் அதிகாரியிடம் துடுக்காகப் பேசினாள், அவ்வளவுதான் விஷயம். எல்லாரும் எழுந்துவிட்டால், அத்தனை பேருக்கும் அபராதம் எழுத அவர் கொண்டுவந்த காகிதம் போதாது.

நீங்கள் இவ்வளவு நேரமும் எங்கே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தீர்கள் என்று நினைத்தீர்கள்? மடியைத் தொட்டுப் பாருங்கள், ஈரமாக இருக்கும்.

சொல்ல வேண்டியது ஒரே வார்த்தை, அந்த நாடகத்தின் கடைசி வார்த்தை. நான் எழுந்துகொண்டிருக்கிறேன். முழங்கால் கொஞ்சம் படுத்துகிறது, நேரமாகும். நீங்கள் எனக்காகக் காத்திருக்காதீர்கள்.